கொழுந்துப் பருவமும் குடும்பத்தின் சொல்லும்

1946 ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே கொப்புள நோய் என்னும் புதுப்பிணி ஒன்று தலைகாட்டியது. முற்றிய இலையை அந்நோய் தீண்டுவதில்லை, இளங்கொழுந்தையே பற்றும். மழையும் மூடுபனியும் நீடிக்கும் மாதங்களில் கொழுந்தின்மேல் மங்கலான ஒரு சிறு புள்ளி முதலில் தோன்றும். புள்ளி பருத்துக் கொப்புளமான பின்னர் அந்த இலையைக் காப்பாற்ற வழியில்லை. ஆகவே வானிலையையும் கொழுந்தையும் கவனித்து, நோய் முற்றுமுன்னரே காவல் செய்யும் முறையைத் தோட்டங்கள் கற்றுக்கொண்டன.

மனித உள்ளத்தைப் பற்றும் கடும் நோய்கள் சிலவற்றுக்கும் இத்தகைய கொழுந்துப் பருவம் ஒன்று உண்டு. மனச்சிதைவு முதலான நோய்கள் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே தொடங்குகின்றன. பிறருக்குக் கேளாத குரல் கேட்பதும், ஆதாரமில்லாத ஐயம் அசையாத நம்பிக்கையாக உறைந்துவிடுவதும், எண்ணங்கள் கோவையிழந்து சிதறுவதும் அவற்றின் முக்கிய அடையாளங்கள். இந்நிலையை மருத்துவ நூல்கள் 'சைக்கோசிஸ்' என்கின்றன; தமிழில் உளப்பிணி எனலாம். உளப்பிணி ஒரே இரவில் வருவது அரிது. மாதக்கணக்காக, சில வேளை ஆண்டுக்கணக்காக, சிறு சிறு அறிகுறிகள் முன்னே நடந்து வருகின்றன. அந்த இடைக்காலத்தில் இளைஞனோடும் அவன் குடும்பத்தோடும் முறையாகப் பேசி உதவுவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் இளைஞன் ஒருவனைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். வயது பதினெட்டு. சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் கொழும்பிலே ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இரவில் உறக்கமில்லை; பகலில் எழுவதில்லை. நண்பர்கள் கிரிக்கெட் விளையாட அழைத்தாலும் செல்வதில்லை. குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் பலமுறை சொல்லவேண்டியிருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் தன்னைப்பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறான். சிறிது நேரங்கழித்து, "அப்படி இல்லாமலும் இருக்கலாம்" என்று தானே சொல்லுகிறான்.

இந்த இரண்டாவது வாக்கியம் மிக முக்கியமானது. ஐயம் தோன்றியிருக்கிறது, ஆனால் அது இன்னும் உறைந்துவிடவில்லை. தன் எண்ணத்தைத் தானே சோதித்துப் பார்க்கும் ஆற்றல் அவனிடம் எஞ்சியிருக்கிறது. உளப்பிணி வரக்கூடிய அபாயநிலை என்று மருத்துவர் குறிப்பது இதனைத்தான். லயத்திலோ இதனைப் பிரித்தறிவது எளிதன்று. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவரைக் கடந்து பேச்சொலி வருவது அங்கு அன்றாட நிகழ்ச்சி. அயலார் உண்மையாகவே பேசுகிறார்கள். சில நாள் அவனைப் பற்றியும் பேசக்கூடும். ஆகவே "ஒருவரும் பேசவில்லை, எல்லாம் உன் மனப்பிரமை" என்று அடித்துச் சொல்வது உண்மையுமாகாது, உதவியுமாகாது.

அபாயநிலையிலுள்ள இளைஞரைத் தனியே இனங்கண்டு உதவும் முயற்சி ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலே வடிவம் பெற்றது. பேராசிரியர் பாட்ரிக் மக்கோரி, பேராசிரியர் அலிசன் யங் ஆகியோர் 1994 ஆம் ஆண்டில் அங்கு இதற்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினர். மூவகையினர் இங்கு கருதப்பட்டனர். மெல்லிய அளவில் ஐயமோ குரலோ தோன்றுவோர் ஒரு வகை. கடுங்குறிகள் சில நாள் தோன்றித் தாமாகவே மறைந்தவர் இன்னொரு வகை. நெருங்கிய உறவினர் ஒருவருக்கு நோய் இருக்க, தாமும் படிப்பிலும் தொழிலிலும் திடீரெனத் தளர்ந்தவர் மூன்றாம் வகை.

இவ்வாறு இனங்காணப்பட்டோரைப் பின்தொடர்ந்து பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினால், மூன்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு உளப்பிணி வெளிப்படுகிறது என்பது தெரிகிறது. இக்கணக்கின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். நால்வரில் மூவருக்கு அந்த நோய் அக்காலத்துள் வருவதில்லை. அவர்களிற் சிலர் முற்றாகத் தேறுகின்றனர். சிலர் மனச்சோர்வோ பதற்றமோ உடையவராகத் தொடர்கின்றனர். ஆகவே அபாயநிலையிலுள்ள ஒருவனைப் பைத்தியம் என்று முத்திரையிடுவது அறிவுடைமையன்று. வரக்கூடும் என்பதற்காகவே கடும் மருந்துகளைக் கொடுப்பதும் தகாது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டிக் குறிப்புகள் 2014 ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக உரைத்தன. இந்நிலையில் முதலில் கொடுக்கத்தக்கது சிந்தனையையும் நடத்தையையும் பற்றிய உரையாடற் சிகிச்சை. அதனோடு குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாம். நோயைத் தடுக்கும் நோக்கத்துக்காக மட்டும் உளப்பிணி மருந்துகளை வழங்கலாகாது என்பது அவற்றின் சாரம்.

குடும்பத்தாரை ஏன் சேர்க்கவேண்டும்? இதற்கான விடை இலண்டனிலே, எவரும் எதிர்பாராத வகையில் கிடைத்தது. 1950 களில் மனநோய் மருத்துவமனைகளிலிருந்து வெளியேறியோரை ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலாளர் ஆராய்ந்தார். அன்புள்ள வீட்டுக்குத் திரும்பியவர் நலமாயிருப்பர், தனி அறைகளில் வாடகைக்குத் தங்கியவர் மீண்டும் நோயுறுவர் என்றே எவரும் எண்ணுவர். உண்மை வேறாயிருந்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியோரிற் பலர் மீண்டும் நோய்வாய்ப்பட்டனர். காரணத்தைத் தேடிய பிரவுனும் அவருக்குப் பின் வந்தோரும், வீட்டிலே நிலவும் பேச்சின் தன்மையை அளந்தனர். இடைவிடாத குறைகூறல், பகைமை, நோயாளியை ஒரு கணமும் விடாது சூழ்ந்துநிற்கும் மிகையான கவலை ஆகிய மூன்றும் மிகுந்த வீடுகளை ஒரு பக்கமும், குறைந்த வீடுகளை மறுபக்கமும் வைத்தனர். கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகியோர் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, முதல்வகை வீடுகளுக்குச் சென்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒன்பது மாதத்துள் மீண்டும் நோயுற்றனர். இரண்டாம்வகை வீடுகளில் அத்தொகை எட்டில் ஒன்றளவே. குறைகூறல் மிகுந்த வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தோரின் நிலை மேலும் கடினமாயிற்று.

இதனால் பெற்றோரே நோயை உண்டாக்கினர் என்பது பொருளன்று. அவ்வாறு எண்ணிய காலமும் ஒன்று இருந்தது. அந்த எண்ணம் எத்தனையோ தாய்மாரை ஆறாத குற்றவுணர்ச்சியில் ஆழ்த்திற்று. நோய்க்குப் பரம்பரை, மூளையின் வளர்ச்சி, கஞ்சா முதலிய போதைப்பொருள்கள், வாழ்வின் இடுக்கண்கள் எனப் பல காரணங்கள் சேர்கின்றன. ஆனால் தொடங்கிய தளர்ச்சியை வீட்டுப்பேச்சு தணிக்கவும் கூடும், கிளறவும் கூடும் என்பதே இந்த ஆராய்ச்சியின் பாடம். குறைகூறலுங்கூடப் பெரும்பாலும் அன்பின் மறுவடிவமே. மகன் கெட்டுப்போகிறான் என்ற அச்சமே தந்தையின் வாயில் வசையாக வெளிப்படுகிறது.

மலைநாட்டு லயத்தில் வைத்து இதனைச் சிந்திக்கவேண்டும். பழைய லயக்காம்பரா ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. பின்னே சமையலுக்கு ஒரு மூலை. அதற்குள்ளே இரண்டு தலைமுறை, சில வீடுகளில் மூன்று தலைமுறை. இலண்டன் வீட்டிலே கோபம் வந்தால் மாடியறைக்குச் சென்று கதவைச் சாத்தலாம். லயத்திலே சாத்துவதற்குக் கதவில்லை. 35 மணி நேரம் என்பது அங்கே இரண்டு மூன்று நாளிலேயே கடந்துபோகும். ஆகவே பேச்சைச் சீர்திருத்துவது மற்ற இடங்களைவிட அங்கே இன்றியமையாதது.

ஆனால் குடும்ப நெருக்கத்தைக் குறையாக மட்டுமே காண்பது பிழை. அதன் வலிமையைக் கீழ்நாடுகளே உலகுக்குக் காட்டின. 1950 களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையிலே டாக்டர் வித்தியாசாகர், வளவில் கூடாரங்கள் அமைத்து நோயாளரோடு உறவினரும் தங்குமாறு செய்தார். 1957 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் தொடங்கியது. நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்குவது அதன் வழக்கமாயிற்று. உறவினரை மருத்துவமனை வாயிலிலேயே நிறுத்திவிடுவது மேனாடுகளின் வழக்கமாயிருந்த காலத்தில், இவ்விரு நிலையங்களும் அவரைச் சிகிச்சையின் துணைவராக்கின.

இலங்கையிலும் இதற்குச் சான்றுண்டு. மனச்சிதைவு நோயாளரை ஐந்தாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்த நான்சி வாக்ஸ்லர் என்னும் அறிஞர், 1979 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். தொழில்வளம் மிகுந்த நாடுகளைவிட இங்கே பலர் நன்கு தேறியிருந்தனர். இந்நோய் மாறக்கூடியது என்று குடும்பமும் ஊரும் நம்பியதும், நோயுற்றவரை வீட்டு வேலைகளிலிருந்து ஒதுக்காது வைத்திருந்ததும் இதற்குத் துணைசெய்தன என்பது அவர் கருத்து. சண்டிகாரில் நடந்த ஆய்வொன்று 1987 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்குள்ள குடும்பங்களிலே குறைகூறலும் மிகையான கவலையும் இலண்டனைவிடக் குறைவு என்று அது காட்டியது. சென்னையிலே டாக்டர் சாரதா மேனன் 1984 ஆம் ஆண்டில் தோற்றுவித்த 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் மொன்றியல் நகர் மருத்துவருடன் சேர்ந்து, முதன்முறை உளப்பிணி கண்ட இளைஞரை இரு நகர்களிலும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல் முதலிய குறிகள் சென்னையிலே மிகுதியாகக் குறைந்தன. சென்னைக் குடும்பத்தார் சிகிச்சையிலே பெரிதும் பங்குகொண்டது இங்குக் கருதத்தக்கது.

இனி, இந்தப் பேச்சுச் சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காணலாம். அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மிக்லோவிட்ஸ் வகுத்த முறையொன்று, அபாயநிலையிலிருந்த 129 இளைஞரிடையே சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2014 ஆம் ஆண்டில் வெளியாயின. ஒரு சாராருக்கு ஆறு மாதத்தில் 18 அமர்வுகள். மறு சாராருக்கு விளக்கவுரையாக மூன்று அமர்வுகள். முதற்சாராரிடத்திலே ஐயம், குரல் முதலிய மெல்லிய குறிகள் கூடுதலாகத் தணிந்தன. அந்தச் சிகிச்சைக்கு மூன்று படிகள் உண்டு.

முதற்படி அறிதல். இளைஞன், தாய், தந்தை, வீட்டிலுள்ள பிறர் ஆகிய அனைவரும் ஒருங்கிருந்து, நேர்ந்திருப்பது என்ன என்பதைச் சோம்பல், திமிர் முதலிய சொற்களின்றி அறிந்துகொள்கின்றனர். உறக்கம் குலைவதும், மனவழுத்தமும், கஞ்சாவும் குறிகளை எவ்வாறு தூண்டுகின்றன என்பது விளக்கப்படுகிறது. இளைஞனே தன் அனுபவத்தைச் சொல்லுகிறான். மற்றவர் இடைமறியாது கேட்கின்றனர். நம் எடுத்துக்காட்டிலுள்ள தந்தை, மகன் வேலைக்குப் போக மனமின்றிப் படுத்திருக்கிறான் என்றே அதுவரை எண்ணியிருப்பார். கடையிலே வாடிக்கையாளர் சிரித்தபோதெல்லாம் தன்னையே சிரிக்கிறார்கள் என்று அவன் நடுங்கிய செய்தியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கக்கூடும்.

இரண்டாம்படி பேசும் முறை. நான்கு பழக்கங்கள் இங்குப் பயிலப்படுகின்றன: நல்லதைக் கண்டால் வெளிப்படையாகச் சொல்லுதல், குறுக்கிடாது கேட்டல், வேண்டியதைக் கட்டளையாகவன்றி வேண்டுகோளாகச் சொல்லுதல், மனக்குறையை ஒரு செயலைக் குறித்து மட்டும் சொல்லி, ஆளையே பழிக்காதிருத்தல். "உன் வயதில் நான் கவ்வாத்து வெட்டினேன், நீ தண்டச்சோறு தின்கிறாய்" என்னும் தந்தை, "தம்பி, நேற்று விறகு எடுத்து வந்தாயே, அம்மாவுக்குப் பெரிய உதவி. இன்றைக்கும் ஒருதரம் போய் வருகிறாயா?" என்று சொல்லப் பழகுகிறார். அயலார் தன்னைப்பற்றிப் பேசுவதாக மகன் சொல்லும்போது, தாய் அதனை மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. "எனக்கு அப்படிக் கேட்கவில்லை அய்யா. ஆனால் உனக்கு அது பயமாயிருக்கும் என்று தெரிகிறது. வா, இஸ்தோப்பிலே கொஞ்சநேரம் இருப்போம்" என்கிறாள். கேட்பதற்கு எளிய மாற்றமாகத் தோன்றும். ஆனால் இருபது ஆண்டுப் பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. அமர்விலே பலமுறை நடித்துப் பார்த்தே அது கைவருகிறது.

மூன்றாம்படி சிக்கலைத் தீர்த்தல். பெரிய துன்பத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒன்றை எடுத்து, எல்லாரும் வழிகள் சொல்லி, ஒரு வழியைத் தேர்ந்து ஒரு வாரம் செய்துபார்க்கின்றனர். இரவில் உறக்கமில்லை என்பது ஒரு கூறு. அவன் பாய் அடுத்த காம்பராச் சுவரை ஒட்டி விரிக்கப்பட்டிருக்கிறது. அதனை மறுபக்கம் மாற்றலாம். மாலை ஆறு மணிக்குப் பின் தேநீரைக் குறைக்கலாம். பகலில் இருவரும் முகம் பார்த்துச் சலிப்பதைத் தவிர்க்க, மாமாவின் மரக்கறித் தோட்டத்திலே பிற்பகல் இரண்டு மணி நேரம் அவன் உதவலாம். இடையே மூடுவதற்குக் கதவில்லாத வீட்டில் இந்த இரண்டு மணி நேரமே கதவாகிறது.

கோடாங்கியிடம் குறி கேட்பது பற்றியும் இங்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிள்ளை மாறிப்போனால் முதலிற் குடும்பம் நாடுவது கோயிலையும் குறி சொல்பவரையுமே. இதனை ஏளனஞ் செய்யும் மருத்துவர் குடும்பத்தை இழந்துவிடுவார். திருவிழாவிலே சாமி வந்து ஆடுபவர் நோயாளரல்லர். ஊர் முழுவதும் அதனை அறிந்து ஏற்கிறது, ஆட்டம் முடிந்ததும் அவர் தம்நிலைக்குத் திரும்பி மறுநாள் மலைக்குச் செல்கிறார். தன்னந்தனியே, அச்சத்தோடு, அன்றாட வாழ்வு குலைய வரும் அனுபவமே கவனத்துக்குரியது. நேர்த்திக்கடனும் சிகிச்சையும் ஒருங்கே நடைபெறத் தடையில்லை. அடித்தும் கட்டிவைத்தும் பட்டினியிட்டும் பேயோட்டுவதை மட்டும் எவ்வாற்றானும் தடுக்கவேண்டும்.

தோட்டத்திலே இதற்குள்ள இடையூறுகள் பல. மருத்துவமனைக்குச் செல்லும் நாளிலே பெற்றோரின் ஒருநாட் பேர் போய்விடும். பஸ் செலவு வேறு. பதினெட்டு முறை அழைப்பது எளிய காரியமன்று. மொழி மற்றோர் இடையூறு. காய்ச்சலைச் சைகையாற் காட்டலாம். தன்னை எவரோ தொடர்கிறார் என்னும் அச்சத்தைச் சைகையாற் காட்ட இயலாது. பேச்சே மருந்தாகும் சிகிச்சையை நோயாளியின் தாய்மொழி அறியாதவர் நடத்த முடியாது. ஆகவே தமிழறிந்த உளநல ஊழியர் மலைநாட்டுக்கு மிகவும் தேவை. நாணமோ எல்லாவற்றிலும் பெரிய இடையூறு. அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாய்ப் போன நாட்டிலே, அக்காளின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சித் தம்பியின் நோயை மறைப்பது இயல்பு. மறைப்பதனாற் சிகிச்சை தாமதிக்கிறது; நோய் தொடங்கிச் சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீளத் தேறுவதும் கடினமாகிறது என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

இவ்விடையூறுகளை முற்றாக நீக்க முடியாவிடினும் குறைக்க முடியும். அமர்வுகளைப் பிற்பகல் வேலை முடிந்த பின்னர், தோட்டத்துக்கு அண்மையில் வைக்கலாம். சில குடும்பங்களை ஒருங்கே கூட்டலாம். மாற்றத்தை முதலிற் காண்பவர் பள்ளிக்கூட ஆசிரியர், குடும்பநல மருத்துவமாது, தோட்ட வைத்திய உதவியாளர் ஆகியோரே. அவர்கள் இவ்வறிகுறிகளை அறிந்திருத்தல் வேண்டும். வீட்டார் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநல மருத்துவப் பிரிவையோ, அண்மையிலுள்ள ஆதார வைத்தியசாலையையோ நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இச்சிகிச்சையின் எல்லையையும் மறைத்தல் கூடாது. இது நோயை நிச்சயமாகத் தடுத்துவிடும் என்று உறுதி கூற இன்றைய ஆராய்ச்சி இடந்தரவில்லை. குறிகள் தணிகின்றன, வீட்டிலே பிணக்கு குறைகிறது, நோய் வெளிப்பட்டாலும் உரிய வேளையில் உதவி கிடைக்கிறது என்பவை நம்பத்தக்க பயன்கள். இளைஞன் குரல்களின் கட்டளைக்குப் பணியத் தொடங்கினாலோ, உண்ணவும் உறங்கவும் மறுத்தாலோ, தன்னையோ பிறரையோ வருத்த எண்ணினாலோ, அது பேச்சுக்கு மட்டும் உரிய வேளையன்று. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். பூச்சிமருந்தும் களைநாசினியும் அத்தகைய வீட்டிலே கைக்கெட்டாதபடி பூட்டிவைக்கப்படவேண்டும். உளப்பிணி வெளிப்பட்டபின் மருந்து இன்றியமையாதது. குடும்பத்தின் சொல் அப்போதும் அதன் துணையாய் நிற்கும்.

கொழுந்திலே புள்ளியைக் கண்டவர் செடியை வெட்டி எறிவதுமில்லை, காணாதது போல மேலே நடப்பதுமில்லை. பொகவந்தலாவை இளைஞனின் பெற்றோர் செய்யத்தக்கதும் அதுவே. அவன் சொல்வதை ஒருநாள் மாலையில் அமர்ந்து முழுவதும் கேட்பது முதற்செயல். கேட்டதைப் பழியாக்காது உரியவரிடம் எடுத்துச் செல்வது அடுத்த செயல். அந்த மாலைப்பொழுது எத்துணை விரைவில் வருகிறதோ, அத்துணைக்கு அவனுக்கு நன்மை.